இடத்து மாட்டின் முழங்கால்

மாட்டின் முழங்கால் எங்கே இருக்கிறது என்று கேட்டால், எங்கள் பக்கத்தில் எல்லாரும் முன்னங்காலின் நடுவில் மடங்கும் முட்டியைத்தான் காட்டுவார்கள். கல்லூரிக்குப் போகும்வரை நானும் அதைத்தான் காட்டியிருப்பேன். அது மாட்டின் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டிருப்பது கணுக்கால். உண்மையான முழங்கால், வயிற்றை ஒட்டி, தோல் மடிப்புக்குள் பாதி ஒளிந்துகொண்டு மேலே இருக்கிறது. முதன்முதலாக இதை வீட்டில் சொன்னபோது அம்மா பீடி சுற்றும் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, தன் மணிக்கட்டையும் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ மாடு பூரா நேரமும் விரல் நுனியிலயா நிக்கி?"

"ஆமாம்மா. ரெண்டு விரல் நுனியில."

"அடப்பாவமே! அம்புட்டுப் பெரிய ஒடம்ப வச்சுக்கிட்டு."

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா மூட்டை தூக்குகிறவர், கையெழுத்து மட்டும் போடுவார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இப்போது கால்நடை மருத்துவம் முடித்து மேற்படிப்பில் இருக்கிறேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்.

என் ஆய்வு மாட்டு மூட்டுகளைப் பற்றியது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் நார்களைக் காட்டாது. அதற்கு ஒலி அலையில் படம் எடுக்கும் ஸ்கேன் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு எடுப்பார்களே, அதேதான். கல்லூரியிலிருந்து ஒரு கைப்பெட்டி அளவு இயந்திரத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு எங்கள் ஊரான தென்காசிக்கு வந்திருந்தேன். நல்ல மாடுகளின் முழங்காலைப் படம் எடுக்க வேண்டும். நல்ல மூட்டு எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் கெட்ட மூட்டைக் கண்டுபிடிக்க முடியும். வழிகாட்டிப் பேராசிரியை எனக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான்.

நான் அதில் என்னுடைய கேள்வி ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் கோயில் கொடைத் திருவிழாவில் மாட்டு வண்டிப் பந்தயம் வைப்பார்கள். சாலையில் ஒரு தூரம் ஓடி, அங்கே நட்டிருக்கும் கொடியைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். எங்கள் பக்கத்து வண்டிக்காரர்கள் கொடியை வலமாகத்தான் சுற்றுவார்கள். சாமியைச் சுற்றுகிற மாதிரி. இடமாகச் சுற்ற யாருக்கும் மனசு வராது. நுகத்தில் இடப்பக்கம் பழகிய மாட்டை வலப்பக்கம் மாற்றிக் கட்டவும் மாட்டார்கள். அப்படியானால் இடத்து மாடு ஒவ்வொரு தடவையும் வெளிவட்டத்தில் ஓடுகிறது. அதன் இடது பின்னங்கால்தான் உதைத்துத் திருப்புகிறது. வருஷக்கணக்காக இப்படி ஓடினால் அந்த முழங்காலுக்குள் ஏதாவது மாறியிருக்காதா? இந்தக் கேள்வியைப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. எனக்கே தோன்றியது. அதனால் அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

ஆனால் பந்தய மாட்டை யாரும் காட்டத் தயாராக இல்லை. ஸ்கேன் எடுக்க வேண்டுமென்றால் முழங்கால்மேல் உள்ளங்கை அகலத்துக்கு முடியை மழிக்க வேண்டும். கொடைக்கு முன்னால் மாட்டின் அழகைக் கெடுப்பதா? கண்பட்டுவிடாதா? அச்சன்புதூரில் ஒருவர், "கதிர் பட்டா காலு வலு போயிரும்லா?" என்றார். இது கதிர் இல்லை, வெறும் சத்தம்தான் என்றேன். "சத்தமே கேக்கல. அப்போ பொய்தானே சொல்லுதிய?" என்று அனுப்பிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் ஏட்டையா எங்கள் வீட்டுக்கே வந்தார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குற்றாலத்திலிருந்து செங்கோட்டை போகும் வழியில் தென்னந்தோப்பும் ஒரு ஜோடிப் பந்தய மாடுகளும் வைத்திருக்கிறார். ஊரே அவரை ஏட்டையா என்றுதான் சொல்லும். நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டேன்.

"பந்தய மாட்டுக்கு என்னமோ படம் எடுக்கியாமே? எம்மாட்ட வந்து எடு. படிக்கிற பிள்ளைக்கு ஒத்தாசை பண்ணாம நாம என்ன மனுசன்?"

நல்ல மாடுதான் வேண்டும், நொண்டுகிற மாடு ஆகாது என்றேன்.

"நொண்டவா? அவன் நொண்டுனா ஊரே நொண்டும்மா!"

மறுநாள் நானும் அம்மாவும் போனோம். மாட்டுத் தொழுவங்களுக்கு நான் தனியாகப் போவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. தவிர, அந்தப் பெட்டிக்குள் என்னதான் தெரியும் என்று பார்க்கும் ஆசையும் அவளுக்கு இருந்தது. குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்து, சாரல் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. அருவிக்கு வருகிறவர்கள் போனுக்கு வாங்கும் பிளாஸ்டிக் உறையில் பெரியதாக ஒன்றை வாங்கி இயந்திரத்துக்கு மாட்டியிருந்தேன். ஏட்டையா முதலில் இடத்து மாட்டைத்தான் அவிழ்த்து வந்தார். சாம்பல் கலந்த மயிலை நிறம், குட்டைக் கொம்பு. நிற்கும்போது ஒரு குறையும் தெரியவில்லை. கொஞ்சம் நடத்திக் காட்டச் சொன்னேன். தொழுவத்திலிருந்து தென்னைமரம் வரைக்கும் மெதுவாக நடத்தினார். நன்றாகத்தான் நடந்தது.

மழித்து, களிம்பு தடவி, கருவியை வைத்தேன். அம்மா தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.

"இது என்னட்டி, ஆன்டெனா கழண்ட டிவி மாதிரி இருக்கு?"

அவளுக்குக் காட்டிக்கொடுத்தேன். பளிச்சென்ற வெள்ளைக் கோடு எலும்பின் விளிம்பு. அதற்குமேல் நூல் நூலாகச் சாம்பல் நிறத்தில் ஓடுவது நார். நமக்கு முழங்கால் சில்லை இழுத்துப் பிடிக்க ஒரு நார். மாட்டுக்கு மூன்று. நடுவில் கறுப்பாக இருப்பது நீர். எந்த மூட்டுக்கும் எண்ணெய் போட்டதுபோல் கொஞ்சம் நீர் இருக்கும்.

வலது பின்னங்காலில் அந்தக் கறுப்பு ஒரு மெல்லிய கோடாக இருந்தது. இடது பின்னங்காலில் கருவியை வைத்ததும் ஒரு குளமே தெரிந்தது.

படத்தை அப்படியே நிறுத்திவைத்தேன். இடத்து மாடு, இடது பின்னங்கால். நான் நினைத்த அதே இடம். ஓடும் மாட்டுக்கு எவ்வளவு நீர் இயல்பு என்று நான் படித்த எதிலும் இல்லை. இதுதான் இயல்போ? கொடியைச் சுற்றிச் சுற்றி இப்படி ஆகியிருக்கிறதோ? முதல் மாட்டிலேயே பதில் கிடைத்துவிட்டதோ?

"காலில எப்பவாவது அடிபட்டுதா அண்ணாச்சி?"

"ஒண்ணும் இல்லையே." பிறகு, மாட்டின் கழுத்தைத் தட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "கறுப்பா தெரியுதே. அது நல்லதா கெட்டதா?"

"இப்போ சொல்ல முடியாது. மத்த மாட்டையும் பாத்தாத்தான் தெரியும். ஆனா யாரும் காட்ட மாட்டேங்காங்க."

அவர் மழித்த இடத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். மயிலைத் தோலில் சதுரமாக, தூரத்திலிருந்தே தெரிந்தது.

"காட்டாம எங்க போவானுவ? நான் சொல்லுதேன்" என்றார்.

அதன்பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஏட்டையா தன் பைக்கில் முன்னால் போவார். நானும் அம்மாவும் பின்னால் ஷேர் ஆட்டோவில் போவோம். வடகரையில் முன்பு என்னை விரட்டிய வீட்டில் மோர் கொடுத்தார்கள். ஆய்க்குடிப் பக்கம் ஒருவர் மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து நிறுத்தியிருந்தார். சத்தமே கேட்கவில்லை என்ற அச்சன்புதூர்க்காரர், "ஏட்டையா மாட்டுக்கே எடுத்தாச்சாம்லா, எம்மாடு என்ன எளப்பமா?" என்று அவரே சொல்லி அனுப்பினார். போகிற இடமெல்லாம் ஏட்டையா ஒன்றைத் தவறாமல் செய்வார். மாட்டுக்காரர் தயங்கினால், "நல்லா அகலமா வழிச்சுவிடும்மா. முடி வளந்துரும்" என்று எனக்காகப் பேசுவார். படித்த பெண்ணுக்கு எவ்வளவு மரியாதை செய்கிறார் என்று நான் நெஞ்சு நிமிர்த்திக்கொண்டேன். டீக்கடைகளில் எனக்கு ஒரு பட்டமும் கிடைத்திருந்தது. "மாட்டுக்குச் சவரம் பண்ணுத டாக்டரம்மா."

படங்கள் சேரச் சேர எனக்குத்தான் குழப்பம். இடத்து மாடு, வலத்து மாடு, இடது கால், வலது கால் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். எந்தப் பக்கத்து மாடானாலும் கறுப்பு ஒரு மெல்லிய கோடுதான். நன்றாக ஓடி, போன கொடையில் பரிசு வாங்கிய இடத்து மாட்டின் இடது முழங்காலிலும் அதே கோடுதான். குளம் ஒரே ஒரு மாட்டில் மட்டும் இருந்தது. பேராசிரியையை போனில் அழைத்தேன்.

"ஒரு மாட்டை வைத்துக் கதை எழுதாதே. அந்த மாட்டை மறுபடி போய்ப் பார். இந்தத் தடவை காலை மடக்கி வைத்துப் பார்" என்றார்.

சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் காலையில் ஏட்டையா வீட்டுக்குப் போனோம். தொழுவத்தில் அவர் குனிந்து உட்கார்ந்து, இடத்து மாட்டின் இடது பின்னங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். குற்றாலத்தில் அருவிக்குப் போகிறவர்களுக்கு உடம்பு பிடித்துவிடுவார்களே, அந்த எண்ணெய். வாசனை வாசலிலேயே வந்துவிட்டது. எங்களைப் பார்த்ததும் பாட்டிலை வைக்கோலுக்குள் செருகினார்.

"சும்மா… ஒரு பளபளப்புக்கு."

சாணி அள்ளிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்தார். நான் அவரை மதினி என்பேன்.

"பளபளப்பு ஒத்தக் காலுக்கு மட்டும் போதுமோ? கல்யாணமாகி இத்தன வருசத்தில எனக்கு இடுப்பு வலின்னா ஒரு சொட்டு எண்ணெ தொட்டு வச்சதில்ல. மாட்டுக்கு மட்டும் மூணு வேளை."

"ஏட்டி, வாய வச்சுக்கிட்டு சும்மா இரி."

"நான் ஏன் சும்மா இருக்கணும்? அந்தப் பிள்ள படிச்சுட்டு வந்து கேக்குது. அதுகிட்டயே மறைச்சா பொறவு எதுக்குக் கூட்டிட்டு வந்திய?"

பிறகு ஏட்டையாவே சொன்னார். கொடைக்குப் பழக்கும்போது தோப்புக்குள் திருப்பத்தில் மாடு சறுக்கியிருக்கிறது. இரண்டு நாள் அந்தக் காலை ஊன்றவில்லை. பிறகு நடந்தது. வேகமாக ஓட்டினால் மட்டும் மறுபடி காலைத் தூக்குகிறது.

"சூடு போடலியா?" என்று கேட்டாள் அம்மா. எங்கள் பக்கத்தில் நொண்டுகிற மாட்டுக்கு மூட்டில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் இழுத்துவிடுவது வழக்கம். நான் அதை எதிர்க்கிறவள். ஆனாலும் எனக்கும் அதே கேள்விதான்.

"எப்படிப் போட? தழும்பு ஊருக்கே சொல்லிரும்லா. பந்தயத்தில எதுத்து நிக்கவன் மொதல்ல காலத்தான் பாப்பான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா வழியில நாலு பேரு பாப்பான். ஒன் பெட்டின்னா தழும்பு இல்ல, நல்ல மாட்டத்தான் பாக்கும்னு வேற சொன்னே…"

"ஆனா வழிச்ச இடம் தெரிஞ்சுதே?" என்றேன்.

மதினிதான் சாணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"அதுக்குத்தானே ஊரு ஊரா கூட்டிட்டு அலைஞ்சாவ! தன் மாட்டுக்கு மட்டும் வழிச்சிருந்தா ஊரு கேக்கும். ஊரு மாட்டுக்கெல்லாம் வழிச்சாச்சு. இனி எவன் கேப்பான்? போலீஸ் மூளை!"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. என் படிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று நான் வீட்டில் வைத்துப் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனால் கோபம் நிலைக்கவில்லை. அந்தப் போலீஸ் மூளை இல்லாவிட்டால் என்னிடம் இத்தனை மாட்டின் படங்கள் இருந்திருக்காது. தவிர, கோபத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. அந்தக் குளத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எண்ணெயில் களிம்பு வழுக்கியது. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, மறுபடி தடவினேன். ஏட்டையா காலை மெல்ல மடக்கிப் பிடித்தார். மாடு ஒருமுறை உதறியது. அவர் காதுக்குள் ஏதோ சொன்னதும் அடங்கியது. மடக்கியபோது, நீட்டியிருக்கையில் எலும்புக்குப் பின்னால் மறைந்திருந்த ஒரு நார் படத்துக்குள் வந்தது. பாதி தூரம் ஒழுங்காக நூல் நூலாக வந்தது. பிறகு கலைந்துபோயிருந்தது. முழுதாக அறுந்துவிடவில்லை.

படத்தை நிறுத்தினேன். பக்கத்தில் வலது காலின் படத்தையும் வைத்து இரண்டையும் அவருக்குக் காட்டினேன். கைரேகை ஒப்பிட்டுப் பழகிய ஆள் மாதிரி, இதையும் அதையும் வெகுநேரம் பார்த்தார்.

"அவுந்த கயிறு மாதிரில்லா இருக்கு."

"ஆமா. இன்னும் பிடிச்சுக்கிட்டிருக்கு. கொடைக்கு ஓட்டினா அறுந்துரலாம். அறுந்தா, பொறவு அந்தக் கால ஊனி நிக்காது. ஏரும் கிடையாது, வண்டியும் கிடையாது."

"வலிக்கு ஊசி போட்டா?"

"வலிக்குதுன்னுதான் அவன் வேகமா ஓடாம காலத் தூக்குதான் அண்ணாச்சி. ஊசி போட்டா அதுவும் தெரியாது. முழு வேகத்தில போயி அறுத்துக்கிடுவான்."

வேலையில் இருந்த காலத்தில் மற்றவர்களை இப்படி உட்கார வைத்து விசாரித்திருப்பார் போல. இப்போது அவரே அப்படி உட்கார்ந்திருந்தார். போன கொடையிலேயே, வருகிற வருஷம் முதல் பரிசுக் கொடி எனக்குத்தான் என்று மைக்கில் சவால் விட்டுவிட்டு வந்தவர். மாடு ஏன் வரவில்லை என்று கேட்டால் என்ன சொல்வார்? கன்றுப் பருவத்திலிருந்து வளர்த்தது. விற்றால் அடிமாட்டு விலைதான். அதைவிட, நொண்டி மாட்டை ஒளித்து வைத்திருந்த ஏட்டு என்று டீக்கடையில் பேசுவார்கள்.

பிறகு என்னைப் பார்த்தார்.

"படிப்புக்கு நீ கேட்டு வாங்கிக்கிட்டதா சொல்லட்டா?"

யோசித்தேன். என் ஆய்வில் இந்த மாடு இனி நல்ல மாட்டுக் கணக்கில் வராது. ஆனால் கலைந்த நார் எப்படிக் கூடுகிறது, அந்தக் கறுப்புக் குளம் எப்படி வற்றுகிறது என்று வாரா வாரம் பார்க்க எனக்கு உண்மையிலேயே ஆசை. புத்தகத்தில் அது ஒரு வரிதான் இருக்கும். கண்ணால் பார்க்கக் கிடைப்பது வேறு.

"நான் கேக்கத்தான் செய்யுதேன் அண்ணாச்சி. வாரம் ஒரு தடவை படம் எடுக்கணும். நான் சொல்லுத வரைக்கும் நுகத்தில பூட்டக்கூடாது. இது பொய் இல்ல. ஆனா காலு நல்லாருக்கான்னு யாராவது என்கிட்ட கேட்டா, நல்லாருக்குன்னு சொல்ல மாட்டேன். மாட்டுக்காரர்கிட்ட கேளுங்கன்னு சொல்லுவேன்."

"அது போதும்." முகத்தில் பழைய மிடுக்கு கொஞ்சம் திரும்பியது. "போலீஸும் வெளியாளு கேட்டா அப்படித்தான் சொல்லும்."

கொடை அன்று நானும் அம்மாவும் போயிருந்தோம். சாலையின் இரண்டு பக்கமும் கூட்டம். வண்டிகள் சேறு தெறிக்கப் போய், கொடியை வலமாகச் சுற்றித் திரும்பி வந்தன. நான் கத்தாமல் பின்னங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழித்த இடங்களில் முடி வளர ஆரம்பித்து எல்லா மாட்டுக்கும் முழங்காலில் ஒரு நரைத்த சதுரம் தெரிந்தது. ஏட்டையாவின் இடத்து மாடு, ஒரு பூவரச மரத்தடியில் மாலையோடு நின்று வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. அதைச் சுற்றியும் ஒரு கூட்டம். ஏட்டையா குரல் மைக் இல்லாமலே கேட்டது.

"ஜில்லாவிலேயே இவன் காலத்தான் படிப்புக்கு எடுத்திருக்கு. வாரா வாரம் டாக்டரம்மா வீட்டுக்கு வந்து எடுக்கா. ஓட விடக்கூடாதுன்னுட்டா. நான் என்ன செய்ய?"

அச்சன்புதூர்க்காரர் என்னைத் தேடி வந்துவிட்டார். அன்று அவருடைய வண்டிதான் முதல் கொடி வாங்கியிருந்தது. அந்தச் சந்தோஷம் முகத்தில் இல்லை.

"ஏம்மா, எம்மாடு காலுக்கு என்ன கொறச்ச? அவர் மாட்டத்தான் எடுப்பியளோ? எங்களுக்கும் ஒரு மாலை போட்டு நிறுத்தத் தெரியாதா?"

"உங்க மாட்டுக் காலு ரொம்ப நல்லாருக்கு அண்ணாச்சி" என்றேன். அது முழு உண்மை.

"பொறவு?"

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச தூரம் போனபிறகு இரண்டு பேரும் நின்று சிரித்தோம்.

அதன்பிறகு வாரா வாரம் போனேன். முதல் சில படங்களில் ஒரு மாற்றமும் இல்லை. ஏட்டையா ஒவ்வொரு தடவையும் எனக்கு முன்னால் திரையைப் பார்ப்பார், வெள்ளை எது, கறுப்பு எது என்று மதினிக்கு விளக்குவார். பிறகு ஒரு வாரம் குளத்தின் கரை உள்ளே வந்திருந்தது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். கலைந்த நார் பழையபடி நூல் நூலாக ஆகவில்லை. தடித்து, மங்கலாக, ஒட்டுப்போட்ட மாதிரி இருந்தது. இது ஓட்டத்தைத் தாங்குமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு முன்பெல்லாம் பிடிக்காது. ஆய்வறிக்கையிலும், நுகத்தில் கட்டும் பக்கத்துக்கும் முழங்காலுக்கும் நான் பார்த்த அளவில் தொடர்பு தெரியவில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன். பார்த்த மாடுகள் போதாது என்றும் எழுதியிருக்கிறேன். அந்தக் கேள்வியை நான் விடவில்லை.

சாரல் நின்று வெயில் வந்த பிறகு ஒரு நாள், வெறும் வண்டியில் பூட்டி நடத்திப் பார்க்கலாம் என்று சொன்னேன். ஓட்டம் கூடாது, நடைதான். ஏட்டையா தோப்புக்குள்ளேயே பூட்டினார். வெளியாள் யாருமில்லை. அம்மா பக்கத்தில் நிற்க, நான் தரையில் உட்கார்ந்து அந்த இடது பின்னங்காலைப் பார்த்தேன். ஊன்றியது, மடங்கியது, ஊன்றியது. தோப்பின் கடைசித் தென்னை வரைக்கும் வண்டி நேராகப் போனது. அங்கே நின்றது. ஏட்டையா கயிற்றைப் பிடித்தபடி திரும்பி எங்களைப் பார்த்தார். பிறகு இடப்பக்கக் கயிற்றை மெல்ல இழுத்தார். வண்டி இடமாகத் திரும்பியது. வலத்து மாடு வெளிவட்டத்தில் நடக்க, இடத்து மாடு உள்ளே, ஏறக்குறைய நின்ற இடத்திலேயே, காலை மாற்றி மாற்றி வைத்துத் திரும்பிற்று.

"ஏங்க, இடமா சுத்துதியளே! சாமி பாக்காதா?" என்று மதினி தொழுவத்திலிருந்து கத்தினார்.

"பாக்கட்டும்ட்டி. அதுக்கும் படத்தக் காட்டிச் சொல்லிக்கிடலாம்."

அம்மா என் காதோரம் குனிந்தாள். "நல்லா நடக்கானா?"

"நடக்கான்" என்றேன். கண்ணை எடுக்கவில்லை.